தடுப்பானைப் பிடித்து வைப்பது எது? நொதிக்குழிக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். போட்டித் தடுப்பான் ஒன்று நொதியின் கிளர்வு மையத்தில், அதாவது வினை நடக்கும் குழிக்குள், போய் அமரும்போது மூலக்கூறிடை விசைகள் என்ன செய்கின்றன? ஹைட்ரஜன் பிணைப்புகள் கூடக் கூடப் பிடிப்பும் கூடுமா? நொதியோடு சகப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்ளும் தடுப்பான்களுக்கும் இதே கணக்குதானா?

பாடப்புத்தகம் தரும் விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுப்பான் தளப்பொருளைப் போல, அதாவது நொதி வழக்கமாக மாற்றும் மூலக்கூறைப் போல, இருக்கிறது, அதனால் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சக்சினேட் டிஹைட்ரஜனேஸுக்கு மலோனேட் என்ற பழைய எடுத்துக்காட்டும் கூடவே வரும். இரு முனைகளிலும் கார்பாக்சிலேட், நடுவில் ஒரு கார்பன் குறைவு. உள்ளே நுழையும், வினைபுரியாது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 'போல இருக்கிறது' என்ற சொல் வடிவத்தைப் பற்றியது. இறுக்கத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஒரே குழிக்குள், ஒரே கோணத்தில் உட்காரும் இரண்டு மூலக்கூறுகளில் ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமாக நிற்கக்கூடும். அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் விசைகளின் கதை தொடங்கும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடுப்பானுக்கும் நொதிக்கும் இடையே உள்ள விசைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. சேர்வதற்கு முன் இரண்டுமே தண்ணீரில் இருந்தன. தடுப்பானின் ஒவ்வொரு முனைவுத் தொகுதியும் (லேசான மின்தன்மை கொண்ட அணுக்கூட்டமும்) தண்ணீரோடு பிணைந்திருந்தது. குழிக்குள்ளும் தண்ணீர் நிறைந்திருந்தது. அந்த உறவுகளை அறுத்துக்கொண்டுதான் இவை இரண்டும் ஒன்றையொன்று பற்றுகின்றன. ஆகவே கையில் மிஞ்சுவது வரவில் செலவு போக உள்ள பாக்கிதான். எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன பூட்டும் சாவியும் உவமை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் எனக்குள்ள பெரிய புகார், அந்தப் பூட்டுக்குள் தண்ணீர் இல்லை என்பது.

அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம். உடல் வெப்பநிலையில், பிணைப்பின் கட்டிலா ஆற்றலில், அதாவது வரவு செலவு போக நிற்கும் நிகர ஆற்றலில், மோலுக்கு 1.4 கிலோகலோரி சாதகமாகக் கூடினால் பிடிப்பு 10 மடங்கு இறுகும். 2.8 என்றால் 100 மடங்கு, 4.2 என்றால் 1000 மடங்கு. எவ்வளவு குறைந்த செறிவிலேயே பிடிக்கிறதோ அவ்வளவு இறுக்கம்; மைக்ரோமோலார் அளவில் அரைமனதாகப் பிடிக்கும் ஒரு சேர்மத்துக்கும் நானோமோலார் அளவில் பிடிக்கும் நல்ல மருந்துக்கும் நடுவே இருப்பது அந்த 4.2 கிலோகலோரிதான். நானோமோலார் தடுப்பானின் மொத்தப் பிணைப்பு ஆற்றலே 13 கிலோகலோரியைத் தாண்டாது. ஒரு சாதாரணக் கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க 80-க்கு மேல் வேண்டும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய பெரிய தொகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு எஞ்சும் சில்லறையைத்தான் நாம் அளக்கிறோம். பிணைப்பு வலிமையைக் கணினியில் முன்கூட்டியே கணித்துச் சொல்வது இவ்வளவு சிரமமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

மின்சுமைகளை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் நம்புவது அவற்றைத்தான். ஒரு நேர்ச்சுமையும் ஓர் எதிர்ச்சுமையும் 3 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலூம் விதிப்படி வெற்றிடத்தில் அவற்றின் ஈர்ப்பு மோலுக்குச் சுமார் 110 கிலோகலோரி. தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. அதே இரண்டு சுமைகளைத் தண்ணீரில் வைத்தால் 110 என்பது 1.4-ஆகச் சுருங்கிவிடும். புரதத்தின் உட்புறத்தில் மாறிலி மிகக் குறைவு, 4 என்று வைத்துக் கணக்கிட்டால் 28 கிலோகலோரி வருகிறது. அப்படியானால் குழிக்குள் ஓர் எதிர்ச்சுமை இருந்தால், நேர்ச்சுமையுள்ள தடுப்பானை உள்ளே அனுப்பினால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் செலவுக் கணக்கு குறுக்கே வருகிறது. அம்மோனியம் போன்ற ஒரு சிறு அயனியை அதன் தண்ணீர் உறையிலிருந்து முழுதாக உரித்தெடுக்க மோலுக்கு 70 கிலோகலோரிக்கும் மேல் கொடுக்க வேண்டும். 28 வரவுக்காக 70 செலவழிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

நொதிகள் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. குழிக்குள் இருக்கும் சுமைகளைச் சுற்றித் தண்ணீர் ஏற்கனவே குறைவு. பக்கத்திலுள்ள தொகுதிகள் அவற்றைச் சரியான திசையில் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டுக்கான விலையைப் புரதம் மடிந்து உருவானபோதே கொடுத்து முடித்துவிட்டது. உள்ளே வரும் தடுப்பான் தன் பங்கு விலையை மட்டும் கொடுத்தால் போதும், அதிலும் முழுதாக உரிந்து வர வேண்டிய கட்டாயம் இல்லை. டிரிப்சின் என்ற செரிமான நொதியின் குழியடியில் அஸ்பார்டேட் என்ற எதிர்ச்சுமையுள்ள அமினோ அமிலம் காத்திருக்கிறது; புரதச் சங்கிலியில் அதன் எண் 189. ஹைட்ரஜனைத் தவிர்த்து 9 அணுக்களே கொண்ட பென்சமிடின் என்ற துக்கடா மூலக்கூறு அதோடு உப்புப்பாலம் (எதிரெதிர்ச் சுமைகளின் நேரடிப் பிணைப்பு) அமைத்துக்கொண்டு, சுமார் 20 மைக்ரோமோலாரில் டிரிப்சினைத் தடுத்துவிடுகிறது. அந்த அளவுள்ள மூலக்கூறுக்கு இது நல்ல பிடி. இந்த 189-ஐ நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி ஹைட்ரஜன் பிணைப்பு. படிகக் கட்டமைப்புப் படங்களில் புள்ளிக்கோடுகளாகத் தெரிபவை இவை. ஒரு கருத்தரங்கில் ஒரு மாணவர் திரையில் அந்தக் கோடுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டு எண்ணி, "ஏழு இருக்கின்றன, ஆகவே இது வலுவான தடுப்பான்" என்று முடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்தக் கோட்டில் ஒரு முனையில் இருக்கும் ஹைட்ரஜன், குழிக்குள் வருவதற்கு முன்னும் ஓர் ஆக்சிஜனோடுதான் பிணைந்திருந்தது; தண்ணீரின் ஆக்சிஜனோடு. மறுமுனையும் அப்படியே. இரண்டு பிணைப்புகளை விட்டு இரண்டு பிணைப்புகளைப் பெறுகிறோம்: தடுப்பானுக்கும் நொதிக்கும் நடுவே ஒன்று, விடுபட்ட தண்ணீர்கள் தமக்குள் அமைத்துக்கொள்வது இன்னொன்று. எண்ணிக்கை மாறவே இல்லை.

அப்படியென்றால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் நிகர மதிப்பு என்ன? ஆலன் ஃபெர்ஷ்ட் குழுவினர் 1985-இல் ஒரு நொதியில், டைரோசில்-டி.ஆர்.என்.ஏ சிந்தெடேஸில், தளப்பொருளோடு பிணைப்பு அமைக்கும் பக்கச்சங்கிலிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு அளந்து பார்த்தார்கள். சுமையற்ற இரு தொகுதிகளுக்கு இடையிலான பிணைப்பு போனால் இழப்பு 0.5 முதல் 1.5 கிலோகலோரி வரை. ஒருபுறம் சுமையுள்ள தொகுதி இருந்தால் இழப்பு 3 அல்லது அதற்கு மேல். ஆகவே சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று தருவது இரண்டு மடங்கிலிருந்து பதினைந்து மடங்குக்குள் ஒரு முன்னேற்றம். இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் புள்ளிக்கோடு நம் கண்ணில் ஏற்படுத்தும் மதிப்புக்கு அது பக்கத்தில்கூட வராது.

இதை மிகத் துல்லியமாகக் காட்டிய ஆய்வு தெர்மோலைசின் பற்றியது. வகுப்பில் ஒரே ஓர் எடுத்துக்காட்டுக்கு மட்டும் நேரம் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். தெர்மோலைசின் துத்தநாகம் கொண்ட ஒரு புரதச்சிதைப்பு நொதி. 1980-களின் பிற்பகுதியில் பால் பார்ட்லெட்டின் குழு அதற்காகப் பாஸ்பரஸ் கொண்ட தடுப்பான்களைத் தயாரித்தது. பாஸ்பரஸைச் சுற்றியுள்ள நான்முகி வடிவம், வினையின் இடைநிலையை நகல் எடுத்ததுபோல் இருக்கும். பாஸ்பரஸை ஒட்டிய ஓர் இடத்தில் மட்டும் மாற்றம். முதல் வரிசையில் நைட்ரஜனும் அதன்மேல் ஒரு ஹைட்ரஜனும். இரண்டாம் வரிசையில் அந்த இடத்தில் வெறும் ஆக்சிஜன். மற்றதெல்லாம் அப்படியே. குழிக்குள் அந்த இடத்துக்கு எதிரே இருப்பது 113-ஆம் எண் அலனினின் கார்பனைல் ஆக்சிஜன்.

நைட்ரஜன் வரிசையில், ஹைட்ரஜன் அந்தக் கார்பனைலை நோக்கி நீண்டு பிணைப்பு அமைக்கிறது. ஆக்சிஜன் வரிசையில் கொடுப்பதற்கு ஹைட்ரஜன் கிடையாது. பிரையன் மேத்யூஸின் குழு இரண்டின் படிகக் கட்டமைப்புகளையும் தீர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்தின. ஆனால் பிடிப்பில் சராசரியாக 840 மடங்கு வேறுபாடு, ஏறத்தாழ 4 கிலோகலோரி. இதைப் பார்த்த எவரும் சொல்லக்கூடியது, ஆஹா, ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்கு 4 கிலோகலோரி மதிப்பா! ஃபெர்ஷ்ட்டின் எண்களோடு இது ஒத்துப்போகவில்லையே என்ற உறுத்தல் இருந்தாலும், முடிவு கண்ணெதிரே இருந்தது.

பிறகு மூன்றாவது வரிசை வந்தது. அதே இடத்தில் மெத்திலீன், அதாவது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜன்களும். இதுவும் கார்பனைலோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்காது. ஆகவே ஆக்சிஜன் வரிசையைப் போலவே 840 மடங்கு தளர வேண்டும். அளந்து பார்த்தால் நைட்ரஜன் வரிசைக்கு ஏறத்தாழச் சமமாகப் பிடித்தது! சேர்மம் அளக்கப்படுவதற்கு முன்பே கென்னத் மெர்ஸும் பீட்டர் கோல்மனும் 1989-இல் கணினிக் கணக்கீட்டின் மூலம் இதைச் சொல்லியிருந்தார்கள் என்பது இன்னொரு சுவாரசியம்.

வரவு செலவாகப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. நைட்ரஜன் சேர்மம் தண்ணீரில் ஒரு பிணைப்பை விடுகிறது, குழியில் ஒன்றைப் பெறுகிறது. பாக்கி ஏறத்தாழ இல்லை. மெத்திலீனுக்குத் தண்ணீரிலும் பிணைப்பு இல்லை, குழியிலும் இல்லை. பாக்கி ஏறத்தாழ இல்லை. ஆக்சிஜன் சேர்மமோ தண்ணீரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்த பிணைப்பை விட்டுவிட்டு வந்து, இன்னோர் ஆக்சிஜனுக்கு எதிரே, எதிர்மின் தன்மையுள்ள இரண்டும் முகத்துக்கு முகம் முறைத்துக்கொள்ளும்படி நிற்கிறது. லாபம் இல்லாவிட்டால் போகட்டும், இங்கே முதலுக்கே மோசம். ஆக, அந்த 4 கிலோகலோரி நல்ல பிணைப்புக்குக் கிடைத்த பரிசாக இல்லை, கெட்ட பொருத்தத்துக்கு விதித்த அபராதமாக இருந்தது. பக்கத்திலுள்ள பாஸ்பரஸ் தொகுதியின் காரத்தன்மையும் இந்த மாற்றங்களால் சற்று மாறுவதால் முழு 4-ஐயும் அந்த ஒரே இடத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் கணக்கின் அமைப்பு இதுதான்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது இதைப் படித்தும் புத்தி வராமல் நானும் சூடு பட்டிருக்கிறேன். ஒரு சேர்மத்தின் ஓரத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றைச் சேர்த்தால் எதிரேயுள்ள செரினோடு பிணைப்பு கிடைக்கும் என்று படத்தை வைத்து முடிவு செய்து, வாரக்கணக்கில் பாடுபட்டுத் தயாரித்தேன். பிடிப்பு தளர்ந்துபோனது. செரின் இருந்தது, ஆனால் அது வேறொரு தொகுதியோடு ஏற்கனவே நிம்மதியாகப் பிணைந்திருந்தது. என் ஹைட்ராக்சில் தன் தண்ணீரை இழந்ததுதான் மிச்சம்.

முனைவுத் தொகுதிகளின் வேலை என்ன என்றால், பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது: சரியான மூலக்கூறு வந்தால் நட்டமில்லாமல் விடுவது, தவறானது வந்தால் தண்டிப்பது. இறுக்கத்தின் பெரும்பகுதி வேறிடத்திலிருந்து வருகிறது. அது நீர்வெறுக்கும் பரப்புகள் மறைவதால் வருவது.

இதைத் தனி விசை என்று எழுதும் புத்தகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்த்தன்மை கொண்ட பரப்பைச் சுற்றியுள்ள தண்ணீர் தன் பிணைப்பு வலையைக் கலைக்காமல் இருக்க நெருக்கடிக்குள்ளாகிறது; அந்தப் பரப்பு குழிக்குள் போய் மறைந்தால் தண்ணீர் விடுபடுகிறது. மறையும் ஒவ்வொரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கும் சுமார் 25 கலோரி என்பது பழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. ஒரு மெத்தில் தொகுதி சரியான பள்ளத்தில் விழுந்தால் ஒரு கிலோகலோரிக்கு அருகே கிடைக்கலாம்; அது கிட்டத்தட்ட 5 மடங்கு. தவறான இடத்தில் வைத்தால் எதுவும் கிடைக்காது, அல்லது மூலக்கூறு உள்ளேயே நுழையாது.

நுழையாமல் போவதற்குக் காரணம் வான்டர் வால்ஸ் விசையின் மறுபக்கம். ஈர்ப்பு, தொலைவின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது, ஆகவே அது நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கும் அணுக்களுக்கு இடையே மட்டும்தான் செல்லுபடியாகும். கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே 3.5 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் வரை வசதியான இடைவெளி. அதைவிட நெருக்கினால் விலக்குவிசை எகிறிவிடும். வழக்கமான சூத்திரத்தில் அது பன்னிரண்டாம் அடுக்கு. சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் இரண்டு வகைகள் இதற்கு நல்ல சான்று. 523-ஆம் இடத்தில் முதல் வகையில் ஐசோலூசின், இரண்டாம் வகையில் வாலின். வேறுபாடு ஒரே ஒரு கார்பன். ஆனால் அந்த ஒரு கார்பன் இல்லாததால் இரண்டாம் வகையில் பக்கவாட்டில் ஒரு சிறு அறை திறந்துகொள்கிறது. வலிநிவாரணியான செலகாக்சிப் தன் சல்ஃபோனமைடு தொகுதியை அந்த அறைக்குள் நீட்டி 513-ஆம் எண் அர்ஜினினை எட்டிவிடுகிறது. முதல் வகையில் கதவு இடிக்கிறது.

வளையங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அசிட்டைல்கோலின் நேர்ச்சுமை கொண்டது. அதைச் சிதைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸின் குழியில் அந்தச் சுமையை வரவேற்க எதிர்ச்சுமைகள் வரிசையாக இருக்கும் என்று பல காலம் நம்பினார்கள். அந்த இடத்துக்கு 'எதிரயனித் தளம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1991-இல் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர் டார்பிடோ என்ற மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியின் கட்டமைப்பை வெளியிட்டபோது எல்லோருக்கும் வியப்பு. 20 ஆங்ஸ்ட்ராம் ஆழத்துக்கு ஒரு குறுகிய பள்ளத்தாக்கு; அதன் சுவர்களில் 14 அரோமேட்டிக் அமினோ அமிலங்கள்; கோலினின் நேர்ச்சுமை அமரும் இடத்தில் எதிர்ச்சுமைப் பட்டாளம் எதுவும் இல்லை, 84-ஆம் எண் டிரிப்டோபேனின் வளையம் இருந்தது. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

அரோமேட்டிக் வளையத்தின் மேலும் கீழும் பை எலக்ட்ரான்களின் மேகம் இருக்கிறது. அந்த முகம் லேசாக எதிர்மின் தன்மை கொண்டது, நேர்ச்சுமை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். இங்கேயும் செலவுக் கணக்குதான் விளையாடுகிறது. கார்பாக்சிலேட்டைத் தண்ணீர் இறுகப் பிடித்திருக்கும். பென்சீன் போன்ற வளையத்தை அப்படிப் பிடிப்பதில்லை. நான்கு கார்பன்கள் சூழ்ந்த அந்த அம்மோனியமும் பருமனானது, சிறு அயனிகளைப் போலத் தண்ணீரோடு நெருங்கி ஒட்டியிருப்பதில்லை. இரண்டு தரப்பும் குறைவாக இழந்து ஓரளவு பெறுகின்றன. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது: அடியில் 84-இன் மேல் ஒரு வளையம், வாசலுக்கு அருகே 279-ஆம் எண் டிரிப்டோபேனின் மேல் இன்னொரு வளையம், நடுவில் நேர்ச்சுமையுள்ள நைட்ரஜன் ஒரு ஃபினைல்அலனினை நோக்கியபடி.

இப்போது அந்த 189-க்குத் திரும்பலாம். ரத்தம் உறைதலில் பங்கெடுக்கும் பத்தாம் காரணி நொதி டிரிப்சினின் உறவுக்காரர். அதன் குழியடியிலும் 189-ஆம் எண் அஸ்பார்டேட் உண்டு. ஆகவே அதற்கான முதல் தலைமுறைத் தடுப்பான்கள் எல்லாமே பென்சமிடின் பாணியில் நேர்ச்சுமையோடு செய்யப்பட்டன. நொதியை நன்றாகப் பிடித்தன. ஆனால் சுமையுள்ள மூலக்கூறு குடல்சுவரின் கொழுப்புப் படலத்தைக் கடக்கத் திணறும். வாய்வழி மருந்தாக அவை எடுபடவில்லை. வாய்வழி மருந்தான ரிவரோக்சபான் அந்த அஸ்பார்டேட்டைச் சீண்டவே இல்லை. சுமையற்ற குளோரோதயோஃபீன் வளையத்தை அதே குழிக்குள் அனுப்பி, குளோரின் அணு 228-ஆம் எண் டைரோசினின் வளைய முகத்தை நோக்கி நிற்கும்படி செய்தார்கள். இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் 219-ஆம் எண் கிளைசினோடு; மறுமுனை மூன்று அரோமேட்டிக் சுவர்களுக்கு நடுவே. தடுப்பு மாறிலி 0.4 நானோமோலார். உப்புப்பாலம் இல்லாமல் இது நடக்கும் என்று அதற்கு முன் கேட்டிருந்தால் பலர் தலையை ஆட்டியிருக்க மாட்டார்கள்.

தண்ணீரை எப்போதும் வெளியேற்றப்பட வேண்டியதாகவே பேசிவந்தேன். சில தண்ணீர் மூலக்கூறுகள் குழிக்குள் ஓர் அமினோ அமிலத்தைப் போலவே நிலையாகக் குடியிருக்கும். எச்.ஐ.வி வைரஸின் புரதச்சிதைப்பு நொதியான புரோட்டியேஸில், மேலே மூடும் இரண்டு மடல்களிலும் உள்ள 50-ஆம் எண் ஐசோலூசின்களுக்கும் தடுப்பானுக்கும் நடுவே ஒரு தண்ணீர் பாலமாக நிற்கிறது. 1994-இல் வளைய யூரியாக்கள் என்ற தடுப்பான்களை உருவாக்கிய குழு அந்தத் தண்ணீரைத் தூக்கிவிட்டு, அதன் வேலையை யூரியாவின் கார்பனைல் ஆக்சிஜனிடம் ஒப்படைத்தது. கட்டுண்ட ஒரு தண்ணீரை விடுவிப்பதால் என்ட்ரோபி (அசைவுச் சுதந்திரம்) வழியாகக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 2 கிலோகலோரி அளவு என்று ஜாக் டூனிட்ஸ் அதே ஆண்டு மதிப்பிட்டார். அதிகபட்சம் என்பதை அடிக்கோடிட வேண்டும். அந்தத் தண்ணீர் அமைத்திருந்த பிணைப்புகளை எல்லாம் அதே கோணத்தில் நாம் திருப்பித் தந்தால்தான் லாபம் நிற்கும்.

அந்த யூரியாவின் இன்னொரு பலம், அது வளையமாக முன்பே இறுகியிருந்தது. நெளியும் மூலக்கூறு குழிக்குள் ஒரே நிலையில் உறைய வேண்டியிருப்பதால் சுதந்திரத்தை இழக்கிறது. முடங்கும் ஒவ்வொரு சுழற்சிக்கும் அரை முதல் ஒரு கிலோகலோரி வரை கட்டணம். இறுக்கிப் பிடிக்கும் பிணைப்பு வெப்பமாக ஒன்றைத் தந்துவிட்டு, அசைவைப் பறித்து என்ட்ரோபியாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். இதற்கு மேல் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

'தளப்பொருளைப் போல' என்ற சொல்லை நான் சந்தேகிப்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தும் ஒரு காரணம். காகிதத்தில் வரைந்தால் ஃபோலிக் அமிலத்தின் இரட்டைப் பிறவி. ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி, வேறோரிடத்தில் ஒரு மெத்தில் கூடுதல். அது தடுக்கும் நொதியான டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸின் குழிக்குள் போய்ப் பார்த்தால், அதன் டெரிடின் வளையம் ஃபோலேட்டின் வளையம் இருக்கும் நிலைக்கு 180 பாகை புரண்டு கிடக்கிறது. அந்த அமினோ மாற்றத்தால் வளைய நைட்ரஜனின் காரத்தன்மை கூடி, அது புரோட்டான் ஏற்றுக்கொண்டு நேர்ச்சுமையோடு நொதியின் கார்பாக்சிலேட்டுக்கு எதிரே அமர்கிறது. போலவே இருந்தது உள்ளே நுழையும் உரிமையைத் தந்திருக்கலாம். இறுக்கத்தைத் தந்தது போல இல்லாத பகுதி.

கடைசியாக, குழி என்பது கல்லில் குடைந்த பள்ளம் இல்லை. இன்ஃப்ளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் நொதிக்கு எதிரான இரண்டு மருந்துகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். இரண்டுமே கார்பாக்சிலேட்டை மூன்று அர்ஜினின்களின் நடுவே வைக்கின்றன. ஜனாமிவிர் அதோடு குவானிடின் தொகுதியை 119, 227-ஆம் எண் குளுட்டாமேட்களின் பக்கம் செலுத்துகிறது. குவானிடின் இல்லாத மூல மூலக்கூறைவிட இது ஆயிரக்கணக்கான மடங்கு வலுவாகப் பிடிக்கிறது. அதன் கிளிசரால் வால், 276-ஆம் எண் குளுட்டாமேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கிறது, இயல்பான தளப்பொருள் செய்வதைப் போலவே. ஓசெல்டாமிவிரை வடிவமைத்தவர்கள் அந்த வாலை எடுத்துவிட்டு எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு பென்டைல் ஈதரை வைத்தார்கள். முனைவுள்ள குளுட்டாமேட்டுக்கு எதிரே எண்ணெய்! காகிதத்தில் பார்த்தால் படுதோல்வி அடைய வேண்டிய யோசனை. நடந்தது வேறு. 276 சுழன்று திரும்பி, 224-ஆம் எண் அர்ஜினினோடு உப்புப்பாலம் அமைத்துக்கொள்கிறது. அது விலகிய இடத்தில் நீர்வெறுக்கும் பை ஒன்று திறந்து ஈதரை ஏற்கிறது.

இந்தச் சுழற்சியை நம்பியிருப்பதுதான் ஓசெல்டாமிவிரின் பலவீனமும். 274-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் டைரோசினாக மாறினால், பெரிய டைரோசின் இடத்தை அடைத்துக்கொண்டு 276-ஐத் திரும்ப விடாமல் தள்ளுகிறது. பை திறப்பதில்லை, பிடிப்பு வெகுவாகத் தளர்கிறது. இத்தனைக்கும் 274 தடுப்பானைத் தொடுவதே இல்லை. 2007 முதல் 2009 வரை பருவகால எச்1என்1 வைரஸ்களில் இந்த மாற்றம் உலகெங்கும் பரவியது. ஜனாமிவிருக்கு 276 திரும்ப வேண்டிய அவசியமே இல்லை, ஆகவே அதற்குப் பெரிய பாதிப்பும் இல்லை. ஆனால் அதன் குவானிடினும் கார்பாக்சிலேட்டும் குடலைக் கடக்க விடாததால் தூளாக உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான எதிர்ப்பு, ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் விஷயத்தில் நடக்கிறது. அங்கே தடுப்பானை நேராகத் தொடும் 315-ஆம் எண் த்ரியோனின் ஐசோலூசினாகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று போனதால் மருந்து தோற்றது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்தப் பிணைப்பு போனது உண்மை. கூடவே ஐசோலூசினின் பருமன் வந்து இடிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு வந்த பொனாடினிப் அந்த இடத்தில் ஒல்லியான, நேர்க்கோடாக நீளும் முப்பிணைப்பு ஒன்றை வைத்து ஐசோலூசினின் ஓரமாக நழுவிப் போகிறது. இழந்த ஹைட்ரஜன் பிணைப்பை மீட்க அது முயலவே இல்லை.

சகப்பிணைப்புத் தடுப்பான்கள் பற்றிய கேள்விக்கு விடை எளிது. முதல் படியில் அவையும் இதே விசைகளால்தான் பிடிக்கப்பட வேண்டும். பிடித்த பிறகே வினை. கோவிட் வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸுக்கான நிர்மாட்ரெல்விரில், லாக்டம் வளையம் 163-ஆம் எண் ஹிஸ்டிடினோடும் 166-ஆம் எண் குளுட்டாமேட்டோடும் ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்து மூலக்கூறை நிலைநிறுத்துகிறது. நீர்வெறுக்கும் பகுதிகள் அடுத்தடுத்த பள்ளங்களை நிரப்புகின்றன. அப்படி நிற்கும்போது நைட்ரைலின் கார்பன் 145-ஆம் எண் சிஸ்டீனின் கந்தகத்துக்கு எட்டும் தொலைவில் வந்துவிடுகிறது. அதன்பின் உருவாகும் சகப்பிணைப்பும் திரும்ப விடுபடக்கூடியதே.